ஆமைக் கழுத்துச் சட்டை

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும்போது பார்த்திருப்பீர்கள். அதன் கழுத்துத் தோல் சுருங்கி மடிப்பு மடிப்பாக நிற்கும்.

அந்த மடிப்பைப் பார்த்து அமெரிக்கர்கள் ஒரு சட்டைக்குப் பெயர் வைத்தார்கள். "டர்ட்டில்நெக்" என்பது அந்தப் பெயர். தமிழில் சொன்னால் "ஆமைக் கழுத்து".

அது கம்பளி நூலில் பின்னிய சுவெட்டர். சாதாரணச் சுவெட்டர் கழுத்தின் அடியோடு நின்றுவிடும். இது நிற்காது. குழாய் போல மேலே ஏறும். தாடை வரை வரும். பிறகு அதைப் பாதியாக வெளிப்புறம் மடித்துவிட வேண்டும்.

பொத்தான் கிடையாது. காலர் கிடையாது. டை கட்ட இடம் கிடையாது. தலை வழியாக மாட்டிக்கொண்டால் வேலை முடிந்தது.

குளிர் நாட்டு ஆண்கள் இதை நூறு ஆண்டுகளுக்கு மேலாக அணிந்து வருகிறார்கள். மாலுமி அணிந்தான். துறைமுகக் கூலி அணிந்தான். நாடக ஆசிரியர் அணிந்தார். விஞ்ஞானி அணிந்தார். ஒரு நாட்டின் அதிபரும் அணிந்தார்.

நாகரிகங்கள் வரும், போகும். காலுக்கு மேல் பாவாடை போல விரிந்த கால்சட்டை வந்தது, போய்விட்டது. ஆமைக் கழுத்து மட்டும் போகவில்லை. ஏன்?

ஊருக்கு ஒரு பெயர்

ஒரே சட்டைக்கு எத்தனை பெயர்!

இங்கிலாந்தில் "போலோ கழுத்து" என்பார்கள். குதிரை மேல் ஏறிப் பந்தடிக்கும் போலோ ஆட்டக்காரர்கள் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இதை அணிந்தார்கள். அந்தப் போலோ ஆட்டத்தை ஆங்கிலேயர் எங்கே கற்றார்கள் தெரியுமா? நம் நாட்டில்தான். மணிப்பூர்க்காரர்கள் ஆடியதைப் பார்த்துக் கற்றார்கள். 1859-ல் அசாமில் உள்ள சில்சாரில் போலோ சங்கம் வைத்தார்கள். அங்கிருந்து ஆட்டம் சீமைக்குப் போயிற்று.

பிரான்சில் இதைச் "சுருட்டிய கழுத்து" என்கிறார்கள். ஜெர்மனியிலும் அதே பொருள்தான். ஸ்பெயினில் "அன்னக் கழுத்து" என்று அழகாகச் சொல்வார்கள்.

இத்தாலியில் "டோல்ச்சே விட்டா" என்று பெயர். "இனிய வாழ்வு" என்று அர்த்தம். 1960-ல் வந்த ஒரு புகழ் பெற்ற சினிமாப் படத்தின் பெயர் அது. படத்தின் பெயர் சட்டைக்கு ஒட்டிக்கொண்டது.

ரஷ்யாவில் இதன் பெயர் "வதலாஸ்கா". அந்தச் சொல்லுக்குள் முத்துக்குளிப்பவனைப் போலக் கடலில் முங்குகிறவன் இருக்கிறான். முங்குவோர் தங்கள் கனத்த ரப்பர் உடைக்கு உள்ளே இதைப் போட்டுக்கொள்வார்கள்.

ஜப்பானியர் வைத்த பழைய பெயர் வேடிக்கையானது. "தொக்குரி". அரிசி மது ஊற்றி வைக்கும் குப்பிக்குத் தொக்குரி என்று பெயர். வயிறு பெருத்து, கழுத்து நீண்டு இருக்கும். சட்டையை மாட்டிய ஆள் அந்தக் குப்பி போலத் தெரிந்தான் போலும்!

கடலில் பிறந்த உடை

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் உள்ள கடலில் சில சிறு தீவுகள் இருக்கின்றன. ஒன்றுக்கு ஜெர்சி என்று பெயர். இன்னொன்றுக்குக் கர்ன்சி என்று பெயர்.

இந்தத் தீவுகள் பின்னல் வேலைக்குப் பேர் போனவை. கால்பந்து ஆட்டக்காரன் அணியும் சட்டையை "ஜெர்சி" என்கிறோமே, அந்தப் பெயர் இந்தத் தீவின் பெயர்தான்.

கர்ன்சிச் சட்டை மீனவனுக்காகப் பின்னியது. இழை நெருக்கமாக இருக்கும். காற்று நுழையாது. சாரல் பட்டால் சீக்கிரம் உள்ளே இறங்காது. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். வலை இழுத்து முன்பக்கம் தேய்ந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்!

பின்னியவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். கணவன் கடலுக்குப் போயிருப்பான். மனைவி வாசலில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பாள்.

இங்கே ஒரு கதை உலவுகிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பின்னல் கோலம் உண்டாம். மீனவன் கடலில் மூழ்கிப் பல நாள் கழித்துக் கரை ஒதுங்கினால், முகம் அடையாளம் தெரியாது. சட்டையின் கோலத்தைப் பார்த்து "இவன் இன்னார் வீட்டுப் பிள்ளை" என்று சொல்லிவிடுவார்களாம்.

அயர்லாந்தின் ஆரன் தீவுச் சுவெட்டரை விற்கிற கடைக்காரர்கள் இந்தக் கதையை இன்றும் சொல்கிறார்கள். ஆனால் இதற்குச் சான்று கிடையாது. குடும்பத்துக்கு ஒரு கோலம் என்று யாரும் வைத்திருக்கவில்லை.

பின், கதை எங்கிருந்து வந்தது? ஜே.எம்.சிங் என்ற அயர்லாந்து ஆசிரியர் ஒரு நாடகம் எழுதினார். அது 1904-ல் மேடை ஏறியது. அதில் ஒரு பெண்ணின் அண்ணன் கடலில் இறந்துபோகிறான். அவனுடைய காலுறையைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவள் கண்ணி கண்ணியாக எண்ணிப் பார்க்கிறாள். அது அவள் தன் கையால் பின்னிய காலுறை. எத்தனை கண்ணி போட்டோம், எத்தனை கண்ணி விட்டோம் என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் போய்விட்டான் என்பதும் தெரிந்துவிடுகிறது.

கோலக் கதை அங்கிருந்து வளர்ந்தது என்று சொல்கிறார்கள். நாடகத்தில் உள்ளதுதான் நம்பும்படி இருக்கிறது. தன் கைப் பின்னல் தனக்குத் தெரியாதா?

"சுவெட்டர்" என்ற சொல்லுக்கு வருவோம். "வியர்க்க வைப்பது" என்பது அதன் பொருள். 1880-களில் இங்கிலாந்தில் படகுப் பந்தயக்காரர்கள் உடல் எடையைக் குறைக்கக் கனத்த கம்பளிச் சட்டை அணிந்து ஓடினார்கள். வியர்வை கொட்டியது. அதனால் அந்தப் பெயர்.

பிறகு போர் வந்தது. 1939 முதல் 1945 வரை நடந்த இரண்டாம் உலகப் போரில், பிரிட்டிஷ் கடற்படை தன் நீர்மூழ்கி வீரர்களுக்குத் தடித்த வெள்ளைச் சுவெட்டர் கொடுத்தது. நீர்மூழ்கிக்குள் குளிரும் ஈரமும் எப்போதும் இருக்கும். குளிக்கத் தண்ணீர் இருக்காது. வாரக்கணக்கில் ஒரே சட்டை. கழுத்தை மூடிய அந்த வெள்ளைச் சுவெட்டரோடு கரை இறங்கியவர்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. போர் முடிந்த பிறகு மிச்சமான சுவெட்டர்கள் கடைக்கு வந்தன. மாணவர்கள் மலிவாக வாங்கி மாட்டிக்கொண்டார்கள்.

குளிர் எப்படி அடங்குகிறது?

கழுத்தில் பெரிய ரத்தக் குழாய்கள் தோலுக்கு அருகில் ஓடுகின்றன. கையும் காலும் குளிர்ந்தால், அங்குள்ள குழாய்கள் சுருங்கி உடம்பின் சூட்டைக் காப்பாற்றும். கழுத்திலும் தலையிலும் அந்த அளவு சுருக்கம் இல்லை. அதனால் திறந்த கழுத்து வழியாகச் சூடு போய்க்கொண்டே இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. உடம்புச் சூட்டில் சட்டைக்குள் இருக்கிற காற்று சூடாகிறது. சூடான காற்று மேலே ஏறும். கழுத்து திறந்திருந்தால் புகைபோக்கி மாதிரி வெளியே போய்விடும். ஆமைக் கழுத்து அந்த வாயை மூடிவிடுகிறது.

அப்படியானால் கழுத்தை இறுக்காதா? இறுக்காது. அதில்தான் பின்னலின் சாமர்த்தியம் இருக்கிறது.

அந்தக் கழுத்தை உற்றுப் பார்த்தால், மேலும் கீழுமாகக் கோடுகள் தெரியும். ஒரு கோடு மேடு. அடுத்த கோடு பள்ளம். காலுறையின் வாயிலும் இதே பின்னலைப் பார்க்கலாம். இழுத்தால் பள்ளம் விரியும். விட்டால் மறுபடியும் சுருங்கும். ஆர்மோனியத்தின் துருத்தி போல. அதனால்தான் அவ்வளவு பெரிய தலை அந்தச் சிறிய வாய்க்குள் புகுந்து வருகிறது. வந்த பிறகு கழுத்தோடு வந்து படிந்துகொள்கிறது.

நெய்த துணியில் இது நடக்காது. வேட்டியும் சேலையும் நெய்தவை. நூல் குறுக்கும் நெடுக்கும் ஓடும். பின்னலில் நூல் வளையம் வளையமாக ஓடும். ஒரு வளையத்துக்குள் அடுத்த வளையம். திருப்பூர்ப் பனியன் துணியும் இந்த ஜாதிதான். நூல்தான் வேறு. அது பருத்தி, இது கம்பளி.

முதலில் எல்லாம் கையால் பின்னியவைதான். இயந்திரம் செய்தவர் வில்லியம் லீ என்ற ஆங்கிலேயப் பாதிரியார். ஆண்டு 1589. அவர் விரும்பிய பெண் எந்நேரமும் காலுறை பின்னிக்கொண்டே இருந்தாளாம். இவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லையாம். அந்தக் கோபத்தில் இயந்திரம் செய்தார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்! கோபமோ காதலோ, இயந்திரம் ஓடியது. ஆனால் எலிசபெத் அரசி அதற்கு உரிமை கொடுக்க மறுத்துவிட்டார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் வயிற்றில் அடிக்கும் என்று அரசி சொன்னதாகச் சொல்வார்கள். லீ பிரான்சுக்குப் போனார். அங்கே அவரை ஆதரித்த அரசர் நான்காம் ஹென்றி 1610-ல் கொலை செய்யப்பட்டார். லீ வறுமையில் இறந்தார். அவருடைய தம்பி இயந்திரங்களோடு இங்கிலாந்துக்குத் திரும்பினார். தொழில் அங்கே வேர் பிடித்தது.

டைக்கு வந்த போட்டி

மேல்நாட்டில் டை என்பது வெறும் துணி அல்ல. டை கட்டியவர் துரை. கட்டாதவர் கூலி. 20-ம் நூற்றாண்டின் பாதி வரை அப்படித்தான் பார்த்தார்கள்.

பெரிய ஓட்டல்களில் டை இல்லாமல் வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். சில ஓட்டல்களில் வாசற்காரரிடம் இரவல் டை இருக்கும். வாங்கிக் கட்டிக்கொண்டு சாப்பிடலாம். போகும்போது கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்!

இந்தக் கோட்டைக்குள் ஆமைக் கழுத்தை நுழைத்தவர்களில் ஒருவர் நோயல் கவர்ட். இங்கிலாந்து நாடக ஆசிரியர், நடிகர். 1924-ல் அவருடைய நாடகம் ஒன்று லண்டனில் சக்கைப்போடு போட்டது. கையில் காசு புரண்டது. அவர் கலர் கலராக ஆமைக் கழுத்துச் சட்டைகளை வாங்கி அணிந்தார். கவர்ட் புது நாகரிகத்தைத் தொடங்கிவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. சௌகரியத்துக்காகத்தான் போட்டேன் என்று அவர் பிற்காலத்தில் தன் வரலாற்றில் எழுதினார்.

1957-ல் எழுத்தாளர் எர்னெஸ்ட் ஹெமிங்வேயைக் கார்ஷ் என்ற புகைப்படக்காரர் படம் எடுத்தார். வெண் தாடி. அதன் கீழே கயிறு கயிறாகத் தடித்த பின்னலோடு ஆமைக் கழுத்து. உலகம் முழுவதும் பரவிய படம் அது. எடுத்த இடம் கியூபா. புழுக்கத்துக்குப் பேர் போன நாடு! ஆனாலும் அந்தப் படத்தைப் பார்க்கிறவனுக்குக் கடல் காற்றுதான் நினைவுக்கு வருகிறது.

1960-களில் கட்டு உடைந்தது. இளைஞர்கள் டையைக் கழற்றி எறிந்தார்கள். 1966-ல் அமெரிக்காவில் தொடங்கிய கருஞ்சிறுத்தைக் கட்சியின் கறுப்பின இளைஞர்கள் தோல் சட்டைக்கு உள்ளே ஆமைக் கழுத்து அணிந்து ஊர்வலம் போனார்கள். 1968-ல் "புல்லிட்" படத்தில் ஸ்டீவ் மக்வீன் துப்பறியும் போலீஸ்காரராக வந்தார். கோட்டுக்குள் நீல ஆமைக் கழுத்து. தோளில் துப்பாக்கி உறை. அந்த உடையை இன்றைக்கும் தையற்காரரிடம் காட்டி, "இதே போல" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

1980-ல் கார்ல் சாகன் என்ற வானியல் அறிஞர் டெலிவிஷனில் வந்தார். நட்சத்திரங்களைப் பற்றிக் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். அவரும் டை கட்டவில்லை. கோட்டுக்குள் ஆமைக் கழுத்துதான். அறிவு குறைந்துபோனதாக யாரும் சொல்லவில்லை.

உடையைப் பார்த்து ஆளை வாசலில் நிறுத்தும் வழக்கம் மேல்நாட்டோடு நின்றதா? இல்லை. சென்னையில் சில மன்றங்கள் வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன விதிகளைப் பிடித்துக்கொண்டிருந்தன. 2014-ல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே ஒரு மன்றம் உள்ளே விட மறுத்தது. ஊர் கொதித்தது. அதே ஆண்டு தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் போட்டது. வேட்டி கட்டியவரைத் தடுத்தால் ஓர் ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். ஓட்டல் வாசலில் இரவல் டை கட்டிக்கொண்ட அமெரிக்கனுக்கு இப்படி ஒரு சட்டம் கிடைக்கவில்லை.

கறுப்புச் சட்டைக்காரர்

ஆமைக் கழுத்து என்றால் இன்று எல்லோருக்கும் நினைவு வருகிற ஆள் ஸ்டீவ் ஜாப்ஸ். ஆப்பிள் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். கறுப்பு ஆமைக் கழுத்து, நீல ஜீன்ஸ், சாம்பல் நிறச் சப்பாத்து. மேடையில் ஏறினால் அதே உடைதான். ஆண்டுக்கணக்கில் அதே உடைதான்.

அந்தக் கறுப்புச் சட்டைக்குப் பின்னால் ஜப்பான் இருக்கிறது.

1980-களின் தொடக்கத்தில் ஜாப்ஸ் ஜப்பானுக்குப் போனார். சோனி கம்பெனியைப் பார்த்தார். அங்கே தொழிலாளர்கள் எல்லோரும் ஒரே மாதிரி உடை அணிந்திருந்தார்கள். "இது ஏன்?" என்று சோனியின் தலைவர் அக்கியோ மொரீட்டாவைக் கேட்டார்.

மொரீட்டா கொஞ்சம் கூச்சத்தோடு பதில் சொன்னார். போர் முடிந்தபோது ஜப்பானில் மக்களிடம் துணி இல்லை. வேலைக்கு வருகிறவர்களுக்குக் கம்பெனியே தினமும் உடுத்த உடை கொடுக்க வேண்டியிருந்தது. நாளடைவில் அந்த உடை கம்பெனிக்கும் தொழிலாளிக்கும் ஒரு பந்தமாகிவிட்டது.

இல்லாமையில் பிறந்த சீருடை! ஜாப்சுக்கு அது பிடித்துவிட்டது. சோனிக்கு உடை வரைந்து கொடுத்தவர் இஸ்ஸெய் மியாக்கே. கையைக் கழற்றி மாட்டக்கூடிய நைலான் சட்டை அது. ஆப்பிளுக்கும் அப்படி ஒன்று செய்து தரும்படி ஜாப்ஸ் மியாக்கேயைக் கேட்டார். மாதிரி வந்தது. அமெரிக்காவுக்குத் திரும்பித் தம் ஆட்களிடம் காட்டினார். "ஊ" என்று கத்திவிட்டார்கள். எங்களுக்குச் சீருடையா என்று மேடையிலிருந்தே இறக்கிவிட்டார்கள்.

ஊழியருக்கு வேண்டாம் என்றால் போகட்டும், தமக்கு மட்டும் ஒன்று வேண்டும் என்று ஜாப்ஸ் முடிவு செய்தார். மியாக்கே செய்த கறுப்பு ஆமைக் கழுத்து அவருக்குப் பிடித்திருந்தது. அதில் சில அனுப்பச் சொன்னார். நூறு அளவில் வந்து சேர்ந்தன! தம் வரலாற்றை எழுத வந்தவரிடம் அலமாரியைத் திறந்து அடுக்கைக் காட்டினார். ஆயுள் முழுதுக்கும் இது போதும் என்றார். 2011 அக்டோபர் 5-ம் தேதி அவர் இறந்தார்.

அந்தச் சட்டையைச் செய்தவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இஸ்ஸெய் மியாக்கே 1938-ல் ஹிரோஷிமாவில் பிறந்தார். 1945 ஆகஸ்ட் 6-ம் தேதி அமெரிக்கா அந்த ஊர் மேல் அணுகுண்டு போட்டபோது அவருக்கு வயது 7. பிழைத்துக்கொண்டார். அணுக் கதிர் பட்ட தாய் மூன்றே ஆண்டில் இறந்துபோனார். மியாக்கே இதை வெளியே பேசவில்லை. அணுகுண்டில் தப்பிய உடைக் கலைஞர் என்று பெயர் வாங்க அவருக்கு விருப்பமில்லை. அழிக்கிற பொருளை நினைக்காமல், ஆக்குகிற பொருளை நினைக்க வேண்டும் என்று உடைத் தொழிலுக்கு வந்தார். 64 ஆண்டு கழித்து, 2009-ல்தான் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் எழுதினார். அதிபர் ஒபாமா ஹிரோஷிமாவுக்கு வர வேண்டும் என்று கேட்டார். 2016-ல் ஒபாமா போனார். 2022 ஆகஸ்ட் 5-ம் தேதி மியாக்கே காலமானார். மறுநாள் குண்டு விழுந்த நாள்.

நூறு சட்டை அனுப்பியவர் அவர்.

ஜாப்சைப் பார்த்துக் கறுப்பு ஆமைக் கழுத்து மாட்டியவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் எலிசபெத் ஹோம்ஸ் என்ற பெண். விரல் நுனியில் சில சொட்டு ரத்தம் எடுத்தால் போதும், எத்தனையோ நோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்லிக் கம்பெனி நடத்தினார். பணக்காரர்கள் கோடி கோடியாகக் கொட்டினார்கள். இயந்திரம் வேலை செய்யவில்லை. 2022 ஜனவரியில் ஜூரிகள் அவரை மோசடிக் குற்றவாளி என்றார்கள். நவம்பரில் 11 ஆண்டு 3 மாதம் சிறைத் தண்டனை விதித்தார்கள். பணம் போட்டவர்கள் சட்டையைப் பார்த்த அளவுக்குக் கணக்கையும் இயந்திரத்தையும் பார்த்திருக்கலாம்.

அடுப்பா? சட்டையா?

2022-ல் ஆமைக் கழுத்து அரசியலுக்கு வந்துவிட்டது.

அந்த ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தது. ரஷ்யாவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த எரிவாயு குறைந்தது. விலை ஏறியது. ஐரோப்பாவில் பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்காமல் இருக்க முடியாது. அதற்கு எரிவாயு வேண்டும்.

செப்டம்பரில் பிரான்சின் நிதி மந்திரி புரூனோ லெ மேர், இனித் தம்மை டையில் பார்க்க முடியாது, ஆமைக் கழுத்தில்தான் பார்க்கலாம் என்றார். அக்டோபரில் அதிபர் மக்ரோன் ஆமைக் கழுத்தோடு ஒரு வீடியோவில் தோன்றினார். கட்டடங்களின் வெப்பம் 19 டிகிரிக்கு மேல் போக வேண்டாம் என்று அரசு கேட்டுக்கொண்டது.

நவம்பரில் டோக்கியோ நகர கவர்னர் யூரிக்கோ கொய்க்கே, ஆமைக் கழுத்து அணியுங்கள், மின்சாரம் மிச்சமாகும் என்று மக்களிடம் சொன்னார். தாமே அணிந்து வந்து சொன்னார்.

இந்த அம்மாளுக்கு இது புதிதல்ல. 2005-ல் அவர் ஜப்பானின் சுற்றுச்சூழல் மந்திரி. கோடைக்காலத்தில் அலுவலகக் குளிர்சாதனத்தை 28 டிகிரியில் வையுங்கள், கோட்டையும் டையையும் கழற்றிவிட்டு வேலைக்கு வாருங்கள் என்று இயக்கம் நடத்தியவர் அவர்தான். அதே ஆண்டு பனிக்காலத்தில், சூட்டை 20 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள், உள்ளே கனமாக உடுத்துங்கள் என்று அந்த அரசு சொன்னது.

அமெரிக்காவில் 1977 பிப்ரவரி 2-ம் தேதி அதிபர் கார்ட்டர் பொத்தான் வைத்த சுவெட்டரோடு டெலிவிஷனில் பேசினார். அவர் பதவிக்கு வந்து இரண்டு வாரந்தான் ஆகியிருந்தது. பகலில் வீட்டை 65 டிகிரி பாரன்ஹீட்டிலும், இரவில் 55 டிகிரியிலும் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். நம் கணக்கில் 18 டிகிரி, 13 டிகிரி.

யோசனையில் தவறில்லை. பனியன் மட்டும் போட்டுக்கொண்டு வீட்டை உலையாகக் காய்ச்சுவது தண்டச் செலவு. ஆளைச் சூடாக்க ஒரு சட்டை போதும். வீடு முழுவதையும் சூடாக்க எரிவாயு வேண்டும். பூமி சூடேறிக்கொண்டிருக்கிற காலத்தில் இந்தக் கணக்கை எல்லோரும் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆனால் இதை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதும் முக்கியம். பிரான்சில் மந்திரியின் பேச்சைப் பலர் கேலி செய்தார்கள். கட்டணம் கட்ட முடியாத ஏழை, மந்திரி சொல்வதற்கு முன்பே இருக்கிற சுவெட்டரை எல்லாம் மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு வேண்டியது உபதேசம் அல்ல. அடைத்த ஜன்னல், காற்று புகாத சுவர், கட்டக்கூடிய கட்டணம்.

கிழவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சட்டை மட்டும் போதாது. குளிர் நாட்டு வீடுகளில் உள்ளே 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொல்லியிருக்கிறது. குளிர்ந்த வீட்டில் மூச்சு நோயும் இதய நோயும் கூடும். ஒரு அரசு ஆமைக் கழுத்தைக் காட்டிவிட்டு இந்தப் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ளக் கூடாது.

வாங்குகிறவர்களுக்கு

சென்னையிலும் மதுரையிலும் இந்தச் சட்டை வேண்டியதில்லை. போட்டால் பெயருக்கேற்ப வியர்க்க வைக்கும்! ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பனி மாதங்களில் ஆகும்.

இப்போது நம் பிள்ளைகள் படிக்கவும் வேலைக்கும் லண்டன் போகிறார்கள். டொரண்டோ போகிறார்கள். பெட்டி கட்டும் தாய்மார்கள் இருப்பதிலேயே தடித்த சுவெட்டராகப் பார்த்து வாங்கி வைக்கிறார்கள். அதை விட மெல்லிய ஆமைக் கழுத்து இரண்டு வாங்கலாம். அங்கே தெருவில் குளிரும். பஸ்சுக்குள்ளும் வகுப்புக்குள்ளும் சூடாக இருக்கும். மெல்லியதைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டால், உள்ளே போனதும் கோட்டை மட்டும் கழற்றலாம். தடித்ததைப் போட்டவன் வகுப்பில் வியர்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

கழுத்தில் அரிக்குமா என்று கேட்பார்கள். ரோமம் தடித்ததாக இருந்தால் அரிக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பெயர். 30 மைக்ரான் அளவுக்குத் தடித்த ரோமம் தோலில் குத்தும். மெரினோ ஆட்டின் ரோமம் 24 மைக்ரானுக்குள் இருக்கும். குத்தாது. கடையில் கையால் தொட்டுப் பார்த்தால் தெரியாது. உள்ளங்கைத் தோல் தடித்தது. கழுத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அளவில் ஒன்று கவனிக்க வேண்டும். கழுத்துக்கும் துணிக்கும் நடுவில் ஒரு விரல் தாராளமாகப் போக வேண்டும்.

வெந்நீரில் துவைக்கக் கூடாது. கம்பளி ரோமத்தின் மேல் மீன் செதில் போலச் செதில் உண்டு. வெந்நீரில் போட்டுக் கசக்கினால் செதிலோடு செதில் மாட்டிக்கொள்ளும். பிறகு பிரியாது. அப்பா சட்டை பிள்ளைக்கு ஆகிவிடும்! குளிர்ந்த தண்ணீரில், காரமில்லாத சோப்பில், அமுக்கி எடுக்க வேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது. துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் தண்ணீர் துண்டுக்கு வந்துவிடும்.

கொடியில் தொங்கவிடவும் கூடாது. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். அந்தப் பாரத்தில் கை நீண்டு, உடம்பு நீண்டு, உருவம் கெட்டுவிடும். பாயில் பரப்பி நிழலில் காயவிட வேண்டும்.

பனிக்காலம் முடிந்ததும் துவைத்து, நன்றாக உலர்த்தி, மடித்து வையுங்கள். அழுக்கோடு வைத்தால் பூச்சி அரிக்கும். பூச்சிக்கு மிகவும் பிடித்த இடம் கழுத்து மடிப்புத்தான். எண்ணெயும் வியர்வையும் அங்கேதான் சேரும். அந்து உருண்டை போட்டு வைப்பவர்கள் அதைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும்.